சிவக்காத தோல்

பிப்ரவரி 24, திங்கள்

இந்த நோட்டைக் கடையில் போட்டுக் கொடுத்த உறையைப் பிரிக்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். பேனாவைச் சிஸ்டர் துடைத்துக் கொடுத்தார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. என் கணவர் பாதி நேரம் தூங்குகிறார். முழித்திருக்கும்போது நான் பயப்படுவது அவருக்குத் தெரியக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

அறைக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைத் தாண்டினால் கை கழுவும் இடம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலங்கியும் தொப்பியும் மாஸ்க்கும் கையுறையும் போட்ட பிறகுதான் அடுத்த கதவைத் திறக்கலாம். கூரையில் ஒரு மிஷின் காற்றை வடிகட்டி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு வெளியே தாழ்வாரம். பார்க்க வருகிறவர்கள் அங்கே நின்று இன்டர்காமில் பேசலாம். உள்ளே துணைக்கு ஒரே ஆளைத்தான் விடுவார்கள். நான்தான் அது.

வளையல், மோதிரம், தோடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பெனிட்டா சிஸ்டர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொள்ளாச்சியில பியூட்டி பார்லர் வெச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. நகமே வளர்க்க மாட்டீங்களா?" என்று கேட்டார். அடுத்தவர் முகத்தைத் தொடுகிறவளுக்கு நகம் ஆகாது என்றேன். "அப்ப உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது கம்மி" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிப்ரவரி 27, வியாழன்

காலையிலிருந்து வாந்தி. பழைய எலும்பு மஜ்ஜையை முழுவதும் அழிக்கிற மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. போன ஆவணியில் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததில் ஆரம்பித்தது. தொடையில் நீலத் திட்டுகள். ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் காரில் எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. இனி அவருடைய அக்காவிடமிருந்து செல்களை எடுத்து இவருக்கு ஏற்ற வேண்டும்.

டாக்டர் நஸ்ரின் இன்று என்னை உட்காரவைத்து விளக்கினார். அவர் எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர். இன்று அவரும் உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம உடம்புக்கு வெளிப்புறம்னா தோல் மட்டும் இல்லம்மா. வாய், மூக்கு, நுரையீரல், குடல், இதெல்லாமே வெளிப்புறம்தான். வெளியில இருந்து வர்றது எல்லாம் அங்கதான் வந்து படுது. தோல்ல எண்ணெய் இருக்கு, வேர்வை இருக்கு, கிருமியைக் கொல்றதுக்கு. எச்சில், கண்ணீர், சளி இதுக்கெல்லாமும் அதே வேலைதான். அதையும் தாண்டி ஒண்ணு உள்ள நுழைஞ்சா, பின்னாடி வெள்ளை அணு காவல் நிக்கும்."

"இப்ப இவருக்கு?"

"அடுத்த வாரத்துல வெள்ளை அணு ஒண்ணுகூட இருக்காது. வாய்லயும் குடல்லயும் உள்தோல் உரியும். அக்காவோட செல் உள்ள போய்ப் பிடிச்சு வளர்ற வரைக்கும், மதிலும் இல்ல, காவலும் இல்ல."

அது எத்தனை நாள் என்று கேட்டேன். அது ஆளைப் பொறுத்தது என்றார்.

மார்ச் 3, திங்கள்

ஏற்றியாகிவிட்டது. அவர் அக்கா வசந்தாமணி அண்ணியின் உடம்பிலிருந்து மிஷினில் பிரித்தெடுத்தது, ஒரு சின்னப் பை. தக்காளி ரசத்தின் நிறம். ஒரு பெரிய ஆபரேஷனை எதிர்பார்த்திருந்தேன். சாதாரண ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"அக்கா உள்ள வர்றா. இனி நானும் ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவனாட்ட இருக்குது" என்றார். சிரித்தேன்.

அண்ணி கண்ணாடிக்கு வெளியே நின்றார். கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய பொட்டு. கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்திருந்தார். அதை உள்ளே அனுப்பச் சொன்னார். பூவும் விபூதியும் உள்ளே வரக் கூடாது என்று போன வாரமே சொல்லியிருந்தேன்.

"ஒரு துளி நெத்தியில வெக்கறதுக்கு என்னாயிரும்?"

"மண்ணு, சாம்பல், பூவு எதுலயும் பூஞ்சை இருக்குமாம் அண்ணி. டாக்டர் சொல்லியிருக்காங்க."

"என்ற ரத்தம் உள்ள ஓடுது. என்னைய வெளிய நிறுத்தி வெச்சுட்டு எனக்கே சட்டம் சொல்றே."

இன்டர்காமை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் விதியைத்தான் சொன்னேன். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

மார்ச் 6, வியாழன்

தலையணை முழுக்க முடி. ஒட்டுப்பட்டையால் ஒற்றி எடுத்தேன். புருவம் இன்னும் இருக்கிறது.

மார்ச் 8, சனி

வாய் வெந்துவிட்டது. உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம், கன்னத்தின் உள்தோல் எல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிகிறது. தண்ணீர்கூட இறங்கவில்லை. எச்சிலைத் துப்பக் கிண்ணம் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் நாள் முழுக்கக் கொப்பளிக்க வைக்க வேண்டும். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கையால்தான் காட்டுகிறார்.

கழுத்தில் மருந்துக் குழாய் போகிற இடத்தில் கட்டு மாற்றும்போது நானும் எட்டிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. "நல்லா சுத்தமா இருக்குதுங்க சிஸ்டர்" என்றேன்.

 பெனிட்டா சிஸ்டர் வெளியே கை கழுவும் இடத்தில் வைத்துச் சொன்னார். "நீங்க புருவம் எடுக்கிறப்ப தோல் சிவக்கும் இல்ல? சீழ் பிடிச்ச புண்ணு தடிச்சு வீங்கும் இல்ல? அது ரத்தம் பெருகி, வெள்ளை அணுவெல்லாம் அங்க ஓடி வர்றது. இவருக்கு ஓடி வர்றதுக்கு ஆள் இல்ல. அதனால உள்ள கிருமி இருந்தாலும் சிவக்காது, சீழ் பிடிக்காது. இவருக்குக் காய்ச்சல் ஒண்ணுதான் அடையாளம். அதைத்தான் நாம பாத்துட்டே இருக்கணும்."

பதினோரு வருஷமாக முகங்களைப் பார்த்துச் சம்பாதிக்கிறேன். சிவந்தால் கற்றாழை தடவுவேன், ஐஸ் வைப்பேன். சிவப்பு என்றால் கெடுதல் என்றே நினைத்திருந்தேன். இப்போது அவர் தோலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பளிங்கு மாதிரி இருக்கிறது. அதில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் மகள் தர்ஷிகா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுகிறாள் என்று என் தம்பி அழைத்து வந்திருந்தான். அவர் தூங்குகிற நேரம் பார்த்துக் கீழே தோட்டத்துக்குப் போனேன். எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. தூக்கி வைத்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துவிட்டேன். மூக்கு கொஞ்சம் ஒழுகியது. அழுதால் யாருக்கும் ஒழுகும். வெயிலில் வேறு வந்திருக்கிறாள்.

மேலே வந்து உடை முழுக்க மாற்றிக் குளித்து, முழங்கைக்கு மேலும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

மார்ச் 10, திங்கள்

வெள்ளை அணு பூஜ்யம்.

மார்ச் 11, செவ்வாய்

ஏசியில் தொண்டை கரகரப்பாக இருக்கிறது. இந்த அறையின் காற்று அப்படி. மாஸ்க்கை இரண்டாகப் போட்டுக்கொண்டேன். சுடுதண்ணீர் குடித்தேன்.

தம்பியிடம் போனில் பேசினேன். தர்ஷிகா இன்று பள்ளிக்கூடம் போகவில்லையாம். ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு ஏதாவது ஆனால் உள்ளே வர அண்ணியைத் தவிர வேறு ஆள் இல்லை. அண்ணி விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். கை கழுவினோம் என்று பேருக்குக் கழுவுவார். அதனால்தான் சிஸ்டரிடம் சொல்ல யோசிக்கிறேன். என் இடத்தை விடக் கூடாது என்பதற்காக இல்லை.

மார்ச் 12, புதன்

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நானேதான் சொன்னேன்.

காலையில் அவருக்கு வாய் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். முகத்துக்குப் பக்கத்தில் குனிந்துதான் அதைச் செய்ய வேண்டும். இருமல் வரப் பார்த்தது. விழுங்கினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். தண்ணீர்ப் பாட்டில் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. திரும்பவும் கதவைக் காட்டினார். அப்புறம் போர்வைக்குள் வலது காலை அழுத்தினார். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் பயந்து நடுங்கும்போது பக்கத்துச் சீட்டிலிருந்து அவர் பிரேக் போடுவார். அதே அழுத்தல்.

நான் வெளியே வந்து மேலங்கியைக் கழற்றி, சிஸ்டரிடம் சொன்னேன். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். "எப்ப இருந்தும்மா?" என்று கேட்டார். நேற்று என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

சளி போய், பரிசோதனையும் சுத்தமாக வரும்வரை உள்ளே போகக் கூடாது. அண்ணிக்குப் போன் செய்தேன். எடுத்த எடுப்பில், "வந்துட்டிருக்கேன்" என்றார். ஏன், எதற்கு என்றே கேட்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

துணைக்கு வந்தவர்கள் தங்கும் கூடத்தில் ஒரு மூலையில் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். துணி துவைத்தேன். மறுபடியும் துவைத்தேன். வெளித் தாழ்வாரத்தின் காற்று உள்ளே போகாது என்பதால் மாஸ்க்கோடு கண்ணாடிக்கு வெளியே நிற்க விட்டார்கள். உள்ளே அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தட்டலாமா என்று யோசித்துத் தட்டாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

காய்ச்சல்.

காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் ஆட்கள் வேகமாகப் போனார்கள். அந்த அறைக்குத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். அவர் உடம்பு கட்டிலோடு சேர்ந்து உதறியது. மூன்று போர்வை போட்டிருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், புதுப் பாட்டில் மாட்டினார்கள். டாக்டர் நஸ்ரின் ஓடி வந்தார். கழுத்துக் குழாயின் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். எனக்கும் தெரிந்தது. பளிங்கு மாதிரியே இருந்தது.

நான் தர்ஷிகாவைத் தூக்கியிருக்கக் கூடாது. முகத்தைத் துடைத்திருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை அவர் பக்கத்தில் குனிந்திருக்கக் கூடாது.

மார்ச் 15, சனி

ரத்த அழுத்தம் இறங்குகிறது. தூக்கிப் பிடிக்க மருந்து ஓடுகிறது. தீவிர சிகிச்சைக்கு மாற்றலாமா என்று பேசிக்கொண்டார்கள். பிறகு இங்கேயே பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அவருக்கு நினைவு வந்து வந்து போகிறது.

மத்தியானம் அண்ணி இன்டர்காமை எடுத்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"உன்ற சளிதான் என்ற தம்பிக்கு ஒட்டீருச்சு."

 இரண்டு நாளாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் அடுத்தவர் வாயால் கேட்டதும் ஆத்திரம் வந்துவிட்டது.

"நீங்க உள்ள போன ரெண்டே நாள்ல காய்ச்சல் வந்திருக்குது அண்ணி. நெத்தியில ஏதாச்சும் வெச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க."

 அவர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையுறைகளைக் கழற்றி, இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணாடியில் வைத்தார். மேலங்கியின் கை முழங்கைக்கு வழிந்தது. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. வலது கையில் தோல் வழன்று காய்ந்திருந்தது.

"கண்ணாலத்தன்னிக்குப் போட்ட வளையல். முப்பது வருசமாக் கழட்டுனதில்ல. சோப்புப் போட்டும் வரல. கீழ ஒருத்தரக் கூப்புட்டு அறுத்து எடுக்கச் சொன்னேன். உன்ற அண்ணன்கிட்டக்கூடக் கேக்கல. விபூதி வெச்சனான்னு கேக்கறே."

அண்ணன் என்றது அவருடைய கணவரை. தாலிக்கு அடுத்தபடியாக அந்த வளையலைச் சொல்வார். விசேஷ வீடுகளில் மங்கலச் சடங்குக்கு அவர் கையைத்தான் முதலில் நீட்டச் சொல்வார்கள்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். அவர் அழவில்லை. "போயி எதாச்சும் தின்னு. நீயும் படுத்துட்டா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

அப்படியே இருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்

டாக்டர் நஸ்ரின் கூப்பிட்டார். அண்ணி உள்ளே இன்டர்காமில், நான் வெளியே டாக்டரோடு. இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார்.

"ரத்தத்துல கிருமி வளர்ந்திருக்கு. எது வேலை செய்யும்னு தெரிஞ்சிருச்சு. அந்த மருந்துதான் போட்டுட்டு இருக்கோம். காய்ச்சல் இறங்க ஆரம்பிச்சிருக்கு."

"என்கிட்ட இருந்து வந்ததுங்களா டாக்டர்?"

"உங்களுக்கு வந்தது சாதாரண ஜலதோஷ வைரஸ். அவர் மூக்கில எடுத்துப் பார்த்துட்டோம், அது அவருக்கு வரவே இல்ல. இது வேற. இது அவர் குடல்லயே இருந்த கிருமி."

"குடல்லயா?"

"எல்லார் குடல்லயும் இருக்கு. உங்களுக்கு, எனக்கு எல்லாருக்கும். பொறந்ததுல இருந்து கூடவே இருக்கும். அதுபாட்டுக்கு அங்க இருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்ல. குடலோட உள்தோல்தான் அதை அந்தப் பக்கமே நிறுத்தி வெச்சிருக்கு. தாண்டி வந்தா வெள்ளை அணு பாத்துக்கும். இவருக்கு அந்தத் தோல் உரிஞ்சிருச்சு, வெள்ளை அணுவும் இல்ல. ரத்தத்துக்குள்ள வந்துருச்சு. யாரும் கொண்டுவந்து கொடுத்தது இல்ல. ஆனா இதே நேரத்துல உங்க சளியும் சேர்ந்திருந்தா நான் இப்படிப் பேசிட்டு இருந்திருக்க மாட்டேன். நீங்க வெளியில வந்தது நல்லது."

உள்ளே அண்ணி ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் தலை குனிந்துகொண்டோம்.

நிம்மதி வர வேண்டும். வரவில்லை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கக் கை கழுவலாம், கதவைச் சாத்தலாம். அவர் உடம்புக்குள்ளேயே நாற்பது வருஷமாக இருந்தது அவரைக் கொல்லப் பார்த்தால் எந்தக் கதவைச் சாத்துவது?

நான் செவ்வாய்க்கிழமையே வெளியே வந்திருக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் சொல்லவில்லை. புதன்கிழமைகூட என் கணவர்தான் கதவைக் காட்டி அனுப்பினார் என்பதையும்.

மார்ச் 20, வியாழன்

இன்று காலை கட்டு மாற்றும்போது கழுத்துக் குழாயைச் சுற்றி லேசாகச் சிவந்திருந்ததாம். அண்ணி பயந்துபோய்ச் சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மூன்று பேரும் குனிந்து அந்த இடத்தையே பார்த்தார்கள். 

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

மத்தியானம் ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணு வந்துவிட்டது. மிகக் கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. அண்ணியின் செல்கள் பிடித்துக்கொண்டன. சிவந்த இடத்தில் சிறு கிருமித் தொற்று இருக்கலாம், மருந்து ஓடுகிறது, கவலைப்பட வேண்டாம் என்றார்கள். கிருமி இருக்கிறது என்று சொல்லி ஒருவர் சிரிப்பதை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 24, திங்கள்

என் பரிசோதனை சுத்தமாக வந்துவிட்டது. உள்ளே போகலாம் என்றார்கள்.

அண்ணி வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கின் மேலும் கன்னத்திலும் அதன் விளிம்பு பதிந்து கறுத்துக் கிடந்தது. பார்லருக்கு ஒருநாள் வாங்க, சரி பண்ணிவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வாயக் கழுவி உடறப்ப இடது கன்னத்துப் பக்கம் மெதுவாப் பண்ணோணும். அங்கதான் ஆழமா இருந்துது. பஞ்ச நல்லாப் புழிஞ்சுக்கோ, தொண்டைக்குள்ள போனா புரையேறும். காத்தால எந்திரிச்சதும் பேச மாட்டான். பேசச் சொல்லாத."

"சரிங்க அண்ணி."

"அப்பறம் அவன் உன்னையக் கேக்கறப்பெல்லாம், வெளிய நிக்கறான்னு சொன்னேன். நெசமாலுமே நின்னுட்டுத்தான இருந்தே."

சொல்லிவிட்டு லிப்ட் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்தேன். வழன்ற இடம் ஆறி, புதுத்தோல் வெளுப்பாக வந்திருந்தது.  லிப்ட் வந்தது, போய்விட்டார்.

நான் முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவர் நாக்கை நீட்டிக் காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இளஞ்சிவப்பாக இருந்தது. மத்தியானம் குழைந்த சாதம் நாலு கரண்டி இறங்கியது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் இருக்கிறோம். ஜன்னலைக் கழுவினேன், தரையைக் கழுவினேன், கதவுக் கைப்பிடிகளைத் துடைத்தேன். துடைத்த துணியைக் கொதிக்க வைத்தேன். மறுபடியும் காய்ச்சல் வரலாம், புதுச் செல்லே அவர் தோலைத் தாக்கலாம், எது வந்தாலும் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

காலையில் தர்ஷிகா வந்தாள். சளி இல்லை, டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் தம்பி கூட்டிவந்தான். மாஸ்க்கோடு வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்தாள். முடியில்லாத தலையையும் கறுத்த நகங்களையும் பார்த்தாள். கிட்டே போகப் பயப்பட்டாள். அவர், "ஓட்டக் கத்துக்கறதுக்கு வந்தீங்களா மேடம், லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டதும் ஓடிப்போய் அவர் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் தடுக்க எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அவர் தூங்கினார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நாற்பது நாளாக அவரைக் கையுறையோடுதான் தொட்டிருக்கிறேன். யார் யார் முகத்தையோ தொட்ட கை இது. கழுவினேன், துடைத்தேன், வெறுங்கையை அவர் கன்னத்தில் வைத்தேன்.

சுட்டது.

தெர்மாமீட்டர் எங்கே, ஆஸ்பத்திரி நம்பர் எங்கே, தம்பி கார் எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடியது. எழுந்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திரும்பக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"காய்ச்சலெல்லாம் இல்ல அம்மிணி. உன்ற கைதான் சில்லுனு இருக்குது."